முளைப்புத்திறன் எண்பத்தேழு

கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க சார். பின்னாடி சீட்டுலதான் இருந்தேன். ஒருத்தர் வேப்பம்புண்ணாக்கு மூட்டையைக் காலடியில வெச்சிக்கிட்டு ஜம்முனு உக்காந்திருக்கார். அந்த நாத்தத்தோட விழுப்புரம் வரைக்கும் நம்மால முடியாது சார், குமட்டுது. டிக்கெட் எடுத்த மனுஷன் எழுந்து ஓடிவரணும், மூட்டை சொகுசா வரணும். அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க. ம், இப்ப பரவாயில்லை.

நீங்க என்ன பண்றீங்க? அச்சாபீஸா? கல்யாணப் பத்திரிகை, நோட்டீசு, அதெல்லாமா? நல்ல தொழில் சார். கையில மை ஒட்டும், அவ்வளவுதானே. கழுவினா போயிடும். போகுமில்ல?

நான் வாத்தியாரு. பேரு தேசிங்குராஜன். பிளஸ் ஒன், பிளஸ் டூ. என்ன பாடமா? வேளாண் அறிவியல். சிரிக்காதீங்க சார். புண்ணாக்கு மூட்டைக்குப் பயந்து ஓடிவந்தவன் வேளாண்மை வாத்தியாரான்னுதானே சிரிக்கிறீங்க? எங்க வீட்டுக்காரியும் இதையேதான் சொல்லுவா. பாடம் நடத்தறவன் பாடத்துல போய்ப் புரளணும்னு ஒண்ணும் சட்டம் கிடையாதுங்க. சாணி, கோமியம், மக்கின எரு, புழு, இதெல்லாம் போர்டுல எழுதிப் போட்டா போதாதா? எழுத்துக்கு நாத்தம் கிடையாது.

எங்க ஸ்கூல்ல அந்த குரூப்புக்கு என்ன மரியாதைன்னு நினைக்கறீங்க? பத்தாவதுல மார்க் வாங்கினதெல்லாம் கணக்கு, பயாலஜின்னு போயிடும். அடுத்த வரிசை காமர்ஸ். எங்கயும் எடுக்காத உருப்படிங்களை எச்.எம். கூப்பிட்டு, "நீ அக்ரி எடுத்துக்கோ, எப்படியும் பாஸ் போட்டுடுவாங்க"ன்னு என் பக்கம் தள்ளி விடுவார். இந்த வருஷம் முப்பத்திரண்டு பேர். ஆய்வுக்கு யாராவது வராங்கன்னா, "சார், உங்க பசங்களை விட்டு மைதானத்துல களை எடுக்கச் சொல்லுங்க, பாடத்துல இருக்கறதுதானே"ன்னுவார். பிசிக்ஸ்காரர் என்னைப் பார்த்தா, "என்ன விவசாயி, மழை வருமா?"ம்பார். பி.எஸ்சி. அக்ரி படிச்சவன் சார் நான். ஆபீசரா ஜீப்புல போயிருக்க வேண்டியவன். ச்சை, விடுங்க.

ஆனா ஒண்ணு. என் ரெகார்டு நோட்டுங்க மாதிரி இந்த மாவட்டத்துலயே கிடையாது. ரெகார்டுன்னா தெரியுமில்ல? செய்முறைப் பயிற்சி ஒவ்வொண்ணையும் எழுதி, படம் போட்டு, நான் கையெழுத்துப் போட்டு, தேர்வு அன்னைக்கு வெளிப்பள்ளிக்கூடத்துலேருந்து வர்ற ஆசிரியர்கிட்ட காட்டணும். எனக்குச் சுத்தம் முக்கியம். பிரவுன் அட்டை, ரெண்டு விரல் மார்ஜின், பென்சில் படம், அடித்தல் திருத்தல் ஒண்ணு இருக்கக்கூடாது. எட்டு வருஷத்துக்கு முன்னாடி புனிதவதின்னு ஒரு பொண்ணு எழுதின ரெகார்டை பீரோவுல பூட்டி வெச்சிருக்கேன். முத்து முத்தா கையெழுத்து. வருஷா வருஷம் ஜூலை மாசம் அதை எடுத்துக் கொடுப்பேன். எல்லாரும் பார்த்து எழுதிக்குவாங்க. வேலையும் முடிஞ்சுது, கையும் அழுக்காகலை.

அதுல ஆறாவது பயிற்சி, விதை முளைப்புத்திறன் சோதனை. நூறு விதை எடுக்கணும். ஈரச் சாக்குல பத்து வரிசையா அடுக்கிச் சுருட்டி வைக்கணும். தினம் தண்ணி தெளிக்கணும். ஏழாம் நாள் பிரிச்சு, முளைச்சது எத்தனைன்னு எண்ணணும். புனிதவதி ரெகார்டுல உளுந்து, எண்பத்தேழு. அதனால எல்லாருக்கும் எண்பத்தேழு. எட்டு வருஷமா எண்பத்தேழு. நல்ல நம்பர் சார். நூறுன்னு போட்டா சந்தேகம் வரும், அறுபதுன்னு போட்டா மார்க் குறைப்பாங்க. அந்தப் பொண்ணு அதை எங்கேருந்து எழுதினான்னு நான் கேட்டதில்லை. பார்க்க லட்சணமா இருந்துது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் கார்த்திகையில எங்க அண்ணன் வந்தான். அண்ணன் பேரு தாண்டவராயன். ஊர்ல ரெண்டு ஏக்கர் பொதுவுல இருக்குது, அவன்தான் பயிர் வைக்கிறான். நான் அந்தப் பக்கம் போய்ப் பல வருஷமாச்சு. வரப்புல நடந்தா பேண்ட்டுல ஒட்டுற புல்லைப் பிடுங்கவே அரைநாள் ஆகுது சார். அவனுக்கு என்னன்னா, எப்பவும் சொந்த விதைதான் போடுவான். போன மழையில பானையில வெச்சிருந்த உளுந்து நனைஞ்சு வண்டு விழுந்துடுச்சு. அதனால முதல் தடவையா கடையில வாங்கியிருக்கான். நேரா ஸ்கூலுக்கே வந்துட்டான். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கால்ல மண்ணோட, ஸ்டாஃப் ரூம் வாசல்ல நிக்கறான். எனக்கு மானம் போச்சு.

"டே தம்பி, இந்தா வெதை. உன் புள்ளைங்கள வுட்டு மொளப்பு பாத்துச் சொல்லு. நீ சொன்னப்பறம்தான் ஏர் ஓட்டுவன்"ன்னு சொல்லி, பேப்பர்ல மடிச்ச ஒரு பொட்டலத்தை நீட்டறான்.

"ஈரச் சாக்குல ஒரு பிடி போட்டு நீயே பாத்துக்க வேண்டியதுதானே?"ன்னேன்.

"நான் பாத்தா கைக்கணக்கு. நீ அதுக்குன்னே படிச்சவன்டா"ன்னான். பிசிக்ஸ்காரர் காதுல விழற மாதிரி சொல்றான். பெருமையாத்தான் சொன்னான்னு வெச்சுக்குங்க.

விதையில என்னமோ மருந்து தடவியிருக்குது, விரலெல்லாம் சிவப்பாயிடுச்சு. எனக்கு அதைப் பாக்கெட்டுல வைக்கப் பிடிக்கலை. வகுப்புல முதல் பெஞ்சுல அஞ்சலாட்சின்னு ஒரு பொண்ணு உக்காந்திருக்கும். ஆமா சார், இந்தக் காலத்துல அஞ்சலாட்சி! அவங்க பாட்டி பேராம். அது கையில கொடுத்து, "இதை முளைப்பு பாரும்மா"ன்னு சொல்லிட்டு நான் சோப்பு போட்டுக் கை கழுவப் போயிட்டேன். அதோட மறந்தும் போச்சு. மனுஷனுக்கு ஆயிரம் வேலை.

அந்தப் பொண்ணு நிஜமாவே பார்த்திருக்குது சார்! யாரு சொன்னா அதுக்கு? சரி, நான்தான் சொன்னேன். ஆனா ஒரு பேச்சுக்குச் சொல்றது வேற, செய்யறது வேற இல்லையா? எட்டு வருஷமா எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன், ஒருத்தராவது செஞ்சாங்களா?

எட்டாம் நாள் காலையில நான் போர்டுல எழுதிட்டிருக்கேன். பின்னாடி ஒரு நாத்தம். அழுகின நாத்தம். எலி செத்துக் கிடக்குதான்னு பார்த்தா, அஞ்சலாட்சி ஒரு ஈரச் சாக்கை மேசை மேல, என் மேசை மேல சார், பிரிச்சு வெச்சிட்டு நிக்குது. அட்டெண்டென்ஸ் ரிஜிஸ்டர் பக்கத்துல. சாக்குத் தண்ணி சொட்டிக்கிட்டிருக்குது. கொஞ்சம் விதை வெள்ளையா வேர் விட்டிருக்குது, மிச்சமெல்லாம் கொழகொழன்னு பூசணம் பிடிச்சு... வேணாம், சாப்பிட்டுட்டு வந்திருப்பீங்க.

"சார், நாப்பத்தொண்ணுதான் சார் மொளச்சிது. ரெண்டு தபா எண்ணிட்டன்"னுது.

"முதல்ல அதை வெளியே தூக்கிப் போடு"ன்னேன்.

"அம்பத்தொம்போது அழுவிப் போச்சு சார். இந்த வெதைய வெதைக்கக்கூடாதில்ல சார்? பொஸ்தகத்துல எழுபத்தஞ்சாவது இருக்கணும்னு போட்டிருக்குது."

நான் என்னத்தைக் கேட்டேன்? மூக்குல கர்ச்சீப் வெச்சிக்கிட்டு நிக்கறேன். சாக்கை நுனி விரல்ல பிடிச்சு நானே ஜன்னல் வழியா வீசினேன். அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கலை சார்.

ரெண்டு நாள் கழிச்சு ரெகார்டெல்லாம் வந்துது. முப்பத்தோரு ரெகார்டு, அப்படியே புனிதவதி. கண்ணுல ஒத்திக்கலாம். முப்பத்திரண்டாவது இந்தப் பொண்ணுது. பக்கமெல்லாம் ஈரம் பட்டு அலை அலையா நிக்குது, ஓரமெல்லாம் செம்மண்ணு, ஒரு இடத்துல முளைச்ச விதையைப் பசை டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்குது. அது காய்ஞ்சு பழுப்பா ஒழுகியிருக்குது. ரெகார்டா அது? முதல் நாள் இவ்வளவு, ரெண்டாம் நாள் இவ்வளவுன்னு ஒரு பட்டியல். கடைசியில முளைப்புத்திறன் நாப்பத்தொண்ணு. எனக்கு வந்துதே கோவம்! சிவப்புப் பேனாவை எடுத்து நாப்பத்தொண்ணைக் குறுக்கே அடிச்சேன். பக்கத்துல எண்பத்தேழுன்னு பெரிசா எழுதினேன். "தவறு. திருத்தி எழுதவும்"னு போட்டு, கையெழுத்து, தேதி. அப்புறம் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இதை வெச்சிக்கிட்டு நான் ரெகார்டோட முதல் பக்கத்துல, சர்டிபிகேட்டுல, கையெழுத்துப் போட மாட்டேன். புது நோட்டு வாங்கி ஒழுங்கா எழுது. இல்லைன்னா பிராக்டிகல்ல உக்கார முடியாது."

"சார், நான் எண்ணினது நாப்பத்தொண்ணுதான் சார்."

"முப்பத்தோரு பேருக்கு எண்பத்தேழு வந்திருக்குது. உனக்கு மட்டும் நாப்பத்தொண்ணு வருதுன்னா தப்பு யாருகிட்ட?"

அந்தப் பொண்ணு நோட்டைக் கையில எடுத்துக்கிட்டுது. நின்னுது, கண்ணுல தண்ணி வெச்சிக்கிட்டுது, போயிடுச்சு. விவசாய டிப்ளமோவுக்கு அப்ளை பண்ணணும்னு அதுக்கு ஆசை. பிராக்டிகல் மார்க் இல்லாம யாரு சேத்துக்குவாங்க? புது நோட்டுல எண்பத்தேழுன்னு எழுதிக்கிட்டு வந்துது. பாருங்க, சொன்னா கேட்டுக்கற பொண்ணுதான்.

சர்டிபிகேட் பக்கத்துல நான் கையெழுத்துப் போட்டுட்டிருக்கும்போதுதான் அண்ணன் போன் பண்றான். "மொளப்பு என்னடா ஆச்சு? மழ ஈரம் காயறதுக்குள்ள வெதைச்சாவணும்."

என் முன்னாடி முப்பத்திரண்டு ரெகார்டு சார். எல்லாத்துலயும் என்ன நம்பர்? நான் பொய்யா சொன்னேன்? எழுத்துல இருக்கறதைச் சொன்னேன். "எண்பத்தேழு. நல்ல விதை. போடு"ன்னேன். "எண்பத்தேழா! அப்பாடா"ன்னான். மார்கழி மூணாம் தேதி விதைச்சுட்டான்.

பத்து நாள் கழிச்சு மறுபடியும் போன். "என்னடா இது, மொளப்பு பத்தல, அங்கொண்ணு இங்கொண்ணா இருக்குது. கடைக்காரன வேற வெதை கேக்கட்டுமா? இப்பவே ஊடால தூவினா புடிச்சிக்கும்"ன்னான். நான் அப்ப ஸ்கூல்ல இருந்தேன், பக்கத்துல ஆளுங்க. "பனிக்கு மெதுவாத்தான் வரும். எண்பத்தேழு எங்க போயிடும்? பொறு"ன்னேன். பொறுத்தான். இன்னும் பத்து நாள் பொறுத்தான். நான் சொன்னேன்னு பொறுத்தான். அப்புறம் ஈரமும் போச்சு, விதைக்கிற பட்டமும் போச்சு. இனிமே எதைத் தூவினாலும் அந்த நிலத்துல இந்த வருஷம் ஒண்ணும் இல்லை.

பொங்கலுக்குப் போனப்ப நிலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினான். ஒரு செடி, அப்புறம் நாலு அடிக்கு வெறும் மண்ணு, அப்புறம் ஒரு செடி. சொறி பிடிச்ச தலையாட்டம் இருந்துது சார். பார்க்கவே அருவருப்பா இருந்துது. அண்ணி சோறு போட்டாங்க, அவ்வளவுதான். அண்ணன் மட்டும், "உன்மேல என்னடா தப்பு, கடைக்காரன் ஏமாத்திட்டான். நீ பாத்தது நல்ல வெதை, மூட்டையில கலப்படம் பண்ணிட்டான்"ன்னான். நான் என்ன சொல்றது? "ஆமா"ன்னேன். அவன் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். விதை ஆய்வாளர் ஆபீசுல அண்ணன் மனு கொடுத்திருக்கான். கடைக்காரனோ, "என் விதை தங்கம், இவன் ஆழத்துல போட்டுட்டான்"னு சாதிக்கிறான். ஆபீசுல என்ன கேக்கறாங்கன்னா, "விதைக்கறதுக்கு முன்னாடி முளைப்பு பார்த்தீங்களாமே. பள்ளிக்கூடத்துல பார்த்ததுன்னா தேதியோட, வாத்தியார் கையெழுத்தோட எழுத்துல எதனா இருந்தா கொண்டாங்க. குறைச்சல்னு அதுலேயே இருந்தா கடைக்காரன் பதில் சொல்லித்தான் ஆவணும்"னு. அண்ணன் அதை என்கிட்ட சொல்றப்பத்தான் எனக்கு அந்த அழுக்கு நோட்டு ஞாபகம் வந்துது. தேதி இருக்குது. தினப்படி கணக்கு இருக்குது. விதைகூட ஒட்டியிருக்குது. "ஒரு ரெகார்டு இருக்குது, நான் கொண்டாறேன், நீ விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நில்லு"ன்னு சொல்லிட்டேன். அதுல என்ன நம்பர் இருக்குதுன்னு அவனுக்கு இன்னும் தெரியாது.

அதுக்குத்தான் காலையில அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிட்டு வரேன். என்ன ஊர் சார் அது! பஸ்ஸை விட்டு இறங்கினா எருக்குழி, எருக்குழியைத் தாண்டினா அவங்க வீடு. அவங்கம்மா நாற்காலியைத் துடைச்சுப் போட்டு, "சார் வூடு தேடி வந்திருக்கீங்களே"ன்னு மோர் கொடுத்தாங்க. டம்ளரைப் பார்த்தேன், குடிக்கலை. அஞ்சலாட்சி அந்தப் பழைய நோட்டை கூரை எறவாணத்துலேருந்து எடுத்துக்கிட்டு வந்துது. குப்பையில போட்டிருக்கும்னு பயந்தேன், பத்திரமாத்தான் வெச்சிருக்குது. கையில கொடுத்துட்டு ஒரு கேள்வி கேட்டுது.

"சார், நாளான்னிக்கு பிராக்டிகல். மொளப்புத்திறன் எவ்ளோன்னு கேட்டா எதச் சொல்றது சார்? நாப்பத்தொண்ணா, எண்பத்தேழா?"

"எண்பத்தேழுன்னே சொல்லு"ன்னேன். பின்னே? ரெகார்டுல எண்பத்தேழு இருக்குது, வாயில நாப்பத்தொண்ணு வந்தா மார்க் போயிடாதா? அது நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பார்த்துது சார். நான் அந்த மோரைப் பார்த்தேனில்ல, அதே மாதிரி. திமிர். இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதை எங்க தெரியுது?

இதோ பாருங்க, இந்தப் பிளாஸ்டிக் கவருக்குள்ளதான் இருக்குது. தொடாதீங்க, கையில ஒட்டும். இந்தப் பக்கம்தான். நாப்பத்தொண்ணு தெரியுதா? அது மேல குறுக்குக் கோடு. பக்கத்துல எண்பத்தேழு, அதுக்குக் கீழ "தவறு", அதுக்குக் கீழ என் கையெழுத்து, தேதி. கையெழுத்து வேணும் சார், அதை ஆபீசுல கேக்கறாங்க. கோடும் அந்த எண்பத்தேழும் "தவறு"ம் மட்டும் போகணும். நீங்க அச்சாபீஸ்காரர், உங்களுக்குத் தெரியாம இருக்காது. சிவப்பு மையை எடுக்க எதனா மருந்து இருக்குதா? எலுமிச்சம்பழமா, பிளீச்சிங் பவுடரா?

என்ன? பேப்பர் ஓட்டையாயிடுமா? அடியில இருக்கற நாப்பத்தொண்ணும் சேர்ந்து போயிடுமா? இந்தாங்க, கையில வாங்கி நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார். ரெண்டு ஏக்கர் பயிர் சமாச்சாரம். எங்க அண்ணன் பொழப்பு சார். அவன் அஞ்சாவதுக்கு மேல படிக்கலை. ஆனா நம்பர் படிப்பான். தேதியும் படிப்பான். நான் போன்ல எண்பத்தேழுன்னு சொன்ன தேதி அவனுக்கு மனப்பாடம்.

அந்தப் பொண்ணு அன்னைக்கே கொஞ்சம் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கக்கூடாதா? சாக்கை மேசை மேல வைக்காம, ஒரு தட்டுல சுத்தமா எடுத்துக்கிட்டு வந்திருந்தா நான் பார்த்திருக்க மாட்டேனா? எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குதில்ல. நினைச்சா எரிச்சலா வருது சார், எல்லார் மேலயும் எரிச்சலா வருது.

ஐயையோ, ஸ்டாண்டே வந்துட்டுது. மெதுவா, மெதுவா. அதோ, முன்வாசல் பக்கம், கம்பத்துக்கிட்ட நிக்கறான் பாருங்க, பச்சைத் துண்டு, அதுதான் எங்க அண்ணன். காலைப் பாருங்க, முழங்கால் வரைக்கும் மண்ணு. டவுனுக்கு வரவன் கழுவிட்டு வரக்கூடாதா? கையில என்ன... பயிரைப் பிடுங்கிக்கிட்டு வந்திருக்கான், ஆபீசர்கிட்ட காட்ட. ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பார்க்கறான்.

கொஞ்சம் குனிஞ்சுக்குங்க சார், நான் உங்க பின்னால மறைஞ்சுக்கறேன். அந்த நோட்டைக் கொடுங்க, சட்டைக்குள்ள வெச்சிக்கறேன். அழுக்கானா ஆவுது. நான் பின்வாசல் வழியா இறங்கிடறேன்.

தெரியும் சார், புண்ணாக்கு மூட்டை அங்கதான் இருக்குது. பரவாயில்லை. தாண்டிக்கிட்டுப் போயிடறேன்.